மியூசிக்கலில் பாட்டு வரி புரியவில்லையா? சவுண்ட்காரரோடு சேர்த்து இன்னும் ஏழெட்டுப் பேரைக் கேளுங்கள்

மியூசிக்கல் எனப்படும் இசை நாடகத்தில் இடைவேளை விட்டதும், கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் என் மிக்ஸர் மேஜைப் பக்கம் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "மியூசிக் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை" என்பார். மேஜையில் இருப்பவன் நான், ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் என் கையில், ஆகவே குற்றவாளியும் நான்தான். சில நாள் அது நியாயமான புகார். ஆனால் பல நாள், அந்த வரி புரியாமல் போவது என்பது மைக் மாட்டுவதற்கு மாதக்கணக்கில் முன்பே, எங்கோ ஒரு கூட்டத்தில் முடிவாகிப்போன விஷயம்.

நான் அமெரிக்காவில் ரீஜனல் தியேட்டர்களில் வேலை செய்கிறேன். சில நாடகங்களுக்கு சவுண்ட் டிசைனர், சிலவற்றுக்குத் தினமும் மேஜையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவன். ரீஜனல் தியேட்டர் என்றால் நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வேக்கு வெளியே, அந்தந்த ஊரில் நிலையாக இயங்கும் தொழில்முறை நாடக நிறுவனங்கள். பெரும்பாலும் லாப நோக்கமற்றவை. டிக்கெட் பணம், நன்கொடை, சீசன் சந்தா இவற்றில் ஓடுபவை. இங்கே டிசைனர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்து, தொடக்க இரவு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதாவது நீங்கள் மூன்றாவது வாரத்தில் போய்ப் பார்க்கும்போது, அந்த நாடகம் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரிலேயே இல்லை. அவர்கள் பெயர்கள் நிகழ்ச்சிப் புத்தகத்தில் இருக்கின்றன. 'கிரியேட்டிவ் டீம்' என்ற பக்கத்தைப் பாதிப் பேர் புரட்டிவிட்டு நடிகர் படங்களுக்குப் போய்விடுகிறோம். பாட்டு வரி புரிகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்கலாம்.

முதலில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும். பெண் குரல் உச்சத்துக்குப் போகப் போக உயிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 'ஈ'யும் 'ஆ'வும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பாடுபவரின் குறை இல்லை இது, தொண்டையும் வாயும் வேலை செய்யும் விதமே அப்படி. ஆகவே கதைக்குத் தேவையான முக்கியமான தகவலை உச்ச ஸ்வரத்தில் வைத்தால், எவ்வளவு விலை உயர்ந்த மைக்கும் காப்பாற்றாது. அனுபவமுள்ள இசையமைப்பாளர்கள் தகவலை நடு ஸ்தாயியில் சொல்லிவிட்டு, உச்சத்தில் ஏற்கெனவே கேட்டுப் பழகிய சொல்லையோ வெறும் உணர்ச்சியையோ வைப்பார்கள்.

அடுத்து ஆர்கெஸ்ட்ரேட்டர். நம்மவர்களுக்கு இந்த வேலையே அதிகம் தெரியாது. மெட்டு போடுபவர் ஒருவர், அந்த மெட்டுக்கு எந்தக் கருவி எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுபவர் இன்னொருவர். சொல்லை அடையாளம் காட்டுவது மெய்யெழுத்துகள். அவற்றின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையும் அதற்கு மேலும் இருக்கிறது. டிரம்பெட், சிம்பல், மேலே இழுக்கும் வயலின் எல்லாமே அங்கேதான் சத்தம் போடும். மைக் இல்லாத காலத்து ஆர்கெஸ்ட்ரேட்டர்களுக்கு இது கைவந்த கலை. பாடுபவர் வாயைத் திறக்கும்போது பித்தளைக் கருவிகள் ஒதுங்கும், வரி முடிந்த இடைவெளியில் பாய்ந்து வரும். மைக் வந்த பிறகு அந்த ஒழுக்கம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். 'மிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கைதான் காரணம்.

இதற்கு ஓர் உதாரணம், நான் வேலை செய்த ஒரு நகைச்சுவைப் பாட்டு. இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் சிரிப்பு வர வேண்டும். தொடக்க இரவுக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகளில் வரவே இல்லை. குரலை ஏற்றினோம், ஸ்பீக்கரை மாற்றினோம், நடிகை உச்சரிப்பை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் இசை இயக்குநர் ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்புத் தாளைப் பார்த்துவிட்டு, அந்த வரி விழும் இரண்டு தாளக் கட்டங்களில் டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் பேசாமல் இருக்கச் சொன்னார். ஆர்கெஸ்ட்ரேட்டருக்கு ஃபோன் போட்டு ஒப்புதல் வாங்கினார். அது முக்கியம், அடுத்தவர் எழுதியதை நாமாக அடிக்கக் கூடாது. அன்று இரவு சிரிப்பு வந்தது. மறுநாள் எனக்குப் பாராட்டு வந்தது, "சவுண்ட் இப்போது பிரமாதம்" என்று. நான் ஒரு ஃபேடரைக்கூடத் தொடவில்லை.

இங்கே நிறைய நடக்கும் சண்டை மேடை வடிவமைப்பாளரோடுதான். அவர் சின்ன அளவில் மாதிரி மேடை செய்து இயக்குநரிடம் காட்டி ஒப்புதல் வாங்கும் நேரத்தில், பல நாடகங்களில் சவுண்ட் டிசைனருக்கு ஒப்பந்தமே கையெழுத்தாகியிருக்காது. பிறகு நாங்கள் போய், ஸ்பீக்கர் எங்கே தொங்கும் என்று கேட்டால், "அந்தக் கறுப்புப் பெட்டி என் மேடையையே கெடுத்துவிடும்" என்பார். சரி, அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் கடினமான வழவழப்பான சுவர்களை மேடை முழுக்க நிறுத்தினால் ஒலி திரும்பித் திரும்பி மோதும். கச்சேரி அரங்கத்தில் ஒலி அடங்க 2 விநாடி எடுத்துக்கொண்டால் வாத்திய இசைக்கு இனிமை. பேச்சு புரிய வேண்டுமென்றால் 1 விநாடியையொட்டி அடங்கிவிட வேண்டும். மியூசிக்கலுக்கு இரண்டும் வேண்டும், அதனால்தான் தலைவலி.

ஸ்பீக்கரை எங்கு வைத்தாலும் இன்னொரு வேலை இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகும். பால்கனிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு, தலைக்கு மேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்தால், நடிகர் கூரையிலிருந்து பாடுவதுபோல் தோன்றும். அதனால் அந்த ஸ்பீக்கரைக் கணக்குப் போட்டுச் சற்றுத் தாமதப்படுத்துவோம். முதலில் வந்த திசையைத்தான் காது நம்பும். மேடையிலிருந்து வரும் ஒலி ஒரு கணம் முந்திக்கொண்டால் போதும், பின்னால் வரும் ஸ்பீக்கர் சத்தமும் மேடையிலிருந்தே வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும். இது சரியாக அமைந்த அரங்கில் ஸ்பீக்கர் இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

ஆடை, விக் வடிவமைப்பாளர்கள் இல்லாமல் என் வேலை ஒரு நாள்கூட நடக்காது. மைக்குக்கு நல்ல இடம் நெற்றிக்கு மேல், முடி தொடங்கும் கோடு. அரிசி மணி அளவு மைக், அதன் வயர் விக்குக்குள் கிளிப்பில் ஓடிப் பின்கழுத்து வழியாக இறங்கி இடுப்புப் பட்டையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். கடைசி நேரத்தில் அந்தக் கதாபாத்திரத்துக்கு அகலமான தொப்பி என்று முடிவானால் தொலைந்தது. தொப்பி விளிம்புக்குக் கீழே குரல் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் மாறிவிடும். தொப்பி வருகிறது என்று முன்பே சொன்னால், விளிம்பிலேயே இன்னொரு மைக் வைத்துவிடலாம்.

பெரிய எதிரி வியர்வை. ஆட்டம் முடிந்த கையோடு மெதுவான காதல் பாட்டு வரும். சரியாக அப்போது ஒரு சொட்டு மைக் தலையில் இறங்கி, குரல் தண்ணீருக்கு அடியில் போனதுபோல் ஆகிவிடும். கதாநாயகிக்கு இரண்டு மைக் வைப்பது இதற்காகத்தான். டிரான்ஸ்மிட்டர் நனையாமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு இல்லாத ஆணுறைக்குள் போட்டுக் கட்டுவது இங்கே பல தியேட்டர்களில் வழக்கம். தியேட்டர் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் அந்த பில்லைப் பார்த்துவிட்டு முழிப்பது ஒரு தனி வேடிக்கை.

நடன அமைப்பாளர் கையில் இருப்பது மூச்சு. எட்டு எண்ணிக்கை குதித்துவிட்டு உடனே நீளமான வரி என்றால், மைக்கில் வருவது இரைப்புதான். இயக்குநர் கையில் இருப்பது முகம். யார் பாடுகிறார் என்று கண் கண்டுபிடித்துவிட்டால் காது பாதி வேலையை முடித்துவிடும். இருட்டில் நிறுத்திப் பாடவைத்தால் ஒளி வடிவமைப்பாளரும் இதில் கூட்டு.

இத்தனைக்கும் பிறகுதான் மேஜை. மேடையில் 20, 25 மைக் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வரிக்கு வரி திறந்து மூடுகிறோம். இருவர் நெருங்கி நின்று பேசும்போது ஒருவர் குரல் இருவர் மைக்கிலும் நுழையும். இரண்டும் திறந்திருந்தால் குரல் குழாய்க்குள் ஒலிப்பதுபோல் ஓட்டையாகிவிடும். ஆகவே அவர் பேசும்போது இவருடையது மூடியிருக்கும், இவர் பதில் சொல்லத் தொடங்கும் கணத்தில் திறக்கும். இரண்டரை மணி நேரம் பிரதியைப் பார்த்தபடி, விரல்கள் வசனத்தோடு போக வேண்டும். நடிகர் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவினால் நாமும் தாவ வேண்டும்.

புதிய நாடகம் என்றால் இந்தப் பிரதியே தினம் மாறும். பிராட்வேக்குப் போகும் முன் மியூசிக்கல்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் ரீஜனல் தியேட்டர்தான். கனெக்டிகட் ஆற்றங்கரையில், ஈஸ்ட் ஹாடம் என்ற சிற்றூரில், 1877-ல் திறந்த குட்ஸ்பீட் ஆப்ரா ஹவுஸ் இருக்கிறது. சுமார் 400 இருக்கைதான். 1976-ல் ஓர் அநாதைச் சிறுமியின் கதையான 'ஆனி' மியூசிக்கல் அங்கேதான் முதலில் மேடையேறியது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைப்புப் பாத்திரத்தில் நடித்த சிறுமியை மாற்றி, அநாதைச் சிறுமிகளில் ஒருத்தியாக நடித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரியா மெக்கார்டிலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1977 ஏப்ரலில் பிராட்வேயிலும் அவரே ஆனி. அந்த அளவு மாற்றத்துக்குத் துணிவது ஊர்ப்புற அரங்கில்தான் முடியும். பகலில் புதுப் பக்கம் ஒத்திகை, இரவு அதுவே காட்சி. குரல் மாறினால் பாட்டின் சுருதி மாறலாம், சுருதி மாறினால் ஆர்கெஸ்ட்ரா தாள் மாறும், எங்கள் அமைப்புகளும் மாறும்.

இதெல்லாம் வெளியே தெரியாத வேலை என்பதற்கு ஒரு சான்று: பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதில் ஒலி வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு 2008-ல்தான் வந்தது. 2014 ஜூனில் எடுத்தும்விட்டார்கள். வாக்களிப்பவர்களில் பலருக்கு அதை எப்படி மதிப்பிடுவது என்று தெரியவில்லை என்பது அப்போது பேசப்பட்ட காரணம். எதிர்ப்புக்குப் பிறகு 2017-18 சீசனிலிருந்து திரும்ப வந்தது. நன்றாக இருந்தால் கண்ணுக்குப் படாது, கெட்டுப்போனால்தான் ஆள் தெரியும் என்கிற வேலைக்கு விருது கொடுப்பது கஷ்டம்தான். ஆனாலும் எடுத்தது அநியாயம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வயர்லெஸ் மைக் ஓடிக்கொண்டிருந்த 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியை அமெரிக்க அரசு செல்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டது. அங்கே இயங்கிய மைக்குகளை 2020 ஜூலைக்குள் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் 2010-ல் 700 மெகாஹெர்ட்ஸும் இதே மாதிரி போனது. நல்ல நிலையில் இருந்த கருவிகளை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக வாங்குவது சிறிய தியேட்டருக்குப் பெரிய அடி. பழைய மைக் சல்லிசாகக் கிடைக்கிறது என்று தமிழ்ச் சங்கத்துக்கு வாங்கப் போகிறவர்கள், அது எந்த அலைவரிசை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சங்கம் என்றதும் இன்னொன்று. பொங்கல் விழாவுக்கு இசை நாடகம் போடுகிறவர்கள் மேடை, உடை, நடனம் எல்லாம் முடித்துவிட்டு, விழாவன்று காலையில் சவுண்ட்காரரைக் கூப்பிடுகிறார்கள். பதிவு செய்த பாட்டுக்கு மேல் பதினைந்து குழந்தைகள் மைக்கில் பேசுவார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரியும். முந்தைய வாரம் ஒரு ஒத்திகைக்கு அவரை வரவழைத்துப் பிரதியைக் கையில் கொடுங்கள். பின்னணி இசையில் வசனம் வரும் இடங்களை மட்டும் தாழ்த்தித் தனியாக ஒரு பதிவு செய்துவைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

பார்வையாளராகப் போகிறீர்கள் என்றால், பால்கனிக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் கடைசி வரிசைகளைக் கூடுமானவரை தவிருங்கள். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போனால் வாசலிலேயே கேட்புக் கருவி கேளுங்கள். ஒலிபெருக்கி பயன்படுத்தும் அரங்குகள் அதை வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. தனிக் கட்டணம் கிடையாது, ஏதாவது அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஹியரிங் எய்ட் போட்டிருப்பவர் அதில் டி-காயில் (லூப்பின் சமிக்ஞையை வாங்கும் சின்னக் கம்பிச் சுருள்) இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைத்தால், கழுத்தில் மாட்டும் லூப் வாங்கி நேராக அதற்குள்ளேயே கேட்கலாம். வசனம் எழுத்தில் ஓடும் காட்சிகள் எந்தத் தேதியில் என்று டிக்கெட் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், புகார் சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் "சவுண்ட் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. எந்தப் பாட்டு, எந்த இடம், எந்த இருக்கை என்று அரங்க மேலாளரிடம் சொல்லுங்கள். அது மேடை மேலாளருக்குப் போகும், அவர் ஒவ்வொரு இரவும் எழுதும் அறிக்கையில் ஏறும். ஊரை விட்டுப் போய்விட்ட இயக்குநர், டிசைனர்கள் எல்லோருக்கும் அந்த அறிக்கை மின்னஞ்சலில் போய்ச்சேரும். டிரம்பெட்டா, தொப்பியா, என் விரலா என்பதை அங்கிருந்து நாங்கள் பேசிக்கொள்வோம்.