நான்கு எண்களை நம்பாதீர்கள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எண் தொடரைப் பார்த்ததும் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 3, 10, 5, 14, 7, 18, 9 என்ற தொடரில் அப்படிக் கழித்தால் 7, −5, 9, −7, 11, −9 என்று வரும். பாதிப் பேர் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார்கள். ஒன்று விட்டு ஒன்று பார்த்தால் வேலை சுலபம்: 3, 5, 7, 9 ஒரு கூட்டுத் தொடர்வரிசை (ஒரே வித்தியாசத்தில் செல்லும் வரிசை), 10, 14, 18 இன்னொன்று. அடுத்த எண் 22.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. இரண்டு இடம் முன்னால் இருப்பதை இரட்டித்து, நான்கு இடம் முன்னால் இருப்பதைக் கழியுங்கள்: 36 − 14 = 22. இரண்டு கூட்டுத் தொடர்வரிசைகளை மாற்றி மாற்றிக் கோத்த எந்தத் தொடருக்கும் இது பொருந்தும்.

சரி, சிக்கல் எங்கே? இந்த உத்தி கைவந்த பிறகு கண்ட இடத்திலெல்லாம் இதையே பார்க்கத் தொடங்குகிறார்கள். 2, 3, 5, 7 என்றால் பகா எண்கள், அடுத்தது 11 என்போம். 2, 5 ஒரு வரிசை, 3, 7 இன்னொரு வரிசை என்று பிரிப்பவருக்கு அடுத்தது 8. அவரைத் தவறு என்று சொல்ல வழியே இல்லை. ஒரு கூட்டுத் தொடர்வரிசையை முடிவு செய்ய முதல் உறுப்பு, பொது வித்தியாசம் என இரண்டு தகவல் வேண்டும். இரண்டு வரிசைக்கு நான்கு. ஆக, எந்த நான்கு எண்ணைக் கொடுத்தாலும் அது இப்படிப் பிரியத்தான் செய்யும்! ஐந்தாவது எண்தான் முதல் சோதனை, அதுவும் ஒரு வரிசைக்கு மட்டும். மூன்று வரிசை கலந்திருக்கிறது என்று நினைத்தால் ஏழாவது எண் வரை காத்திருக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் ஏழு எண்கள் இருப்பதால் மூன்று சோதனைகள் கிடைக்கின்றன, அதனால்தான் 22 என்று துணிந்து எழுதுகிறோம்.

கழித்துப் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. 0, 1, 2, 5, 7, 12, 15, 22 என்ற தொடரை ஒன்று விட்டு ஒன்று பார்த்தால் கூட்டுத் தொடர்வரிசை வராது. கழியுங்கள்: 1, 1, 3, 2, 5, 3, 7. இப்போது பிரியுங்கள்: 1, 3, 5, 7 ஒரு பக்கம், 1, 2, 3 மறுபக்கம். அடுத்து 4 கூட்ட வேண்டும், விடை 26. இவை பொதுமைப்படுத்திய ஐங்கோண எண்கள்; ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று எண்ணுவதற்கு 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் பயன்படுத்தியவை.

அப்புறம், வினா எழுதுபவர்களுக்கு ஒன்று. கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் தொகுக்கத் தொடங்கிய முழு எண் தொடர்வரிசைக் களஞ்சியம் 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. வினாத்தாளை அச்சுக்கு அனுப்புமுன் உங்கள் தொடரை அதில் தட்டிப் பாருங்கள். வேறு விடை தரும் தொடர்களும் வந்து நின்றால் இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துவிடுங்கள்.