இரவலுணர்வு: ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

போன மாதம் என் தோழியின் சிறுகதை ஒரு வார இதழில் வந்தது. 46 வயதில் அச்சில் வந்த முதல் கதை. இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருப்பாள் என்று நினைத்தேன், காணவில்லை. கேட்டதும், அரிசி டிரம் மேலிருந்த பழைய செய்தித்தாள் கட்டுக்கு நடுவிலிருந்து உருவி எடுத்துக் காட்டினாள். “ஏதோ கிறுக்கினேன். அந்த வாரம் அவங்களுக்குப் பக்கம் நிரம்பலை போல, போட்டுட்டாங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, “அடுத்த கதை கேட்டிருக்காங்கடி. அதை அனுப்பினா என் சாயம் வெளுத்துடும்” என்றாள்.

கல்லூரியில் படிக்கும் அவள் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “அம்மாவுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம், ஆன்ட்டி.” ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள் தோழி. “அப்படின்னா என்னடி? தமிழ்ல சொல்லு.” எனக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஒருத்தி தன் உழைப்பாலும் திறமையாலும் ஒன்றைச் செய்து முடிக்கிறாள். மற்றவர்கள் மெச்சுகிறார்கள். ஆனால் அது தன்னால் நடந்தது என்று அவள் உள்ளூர நம்புவதில்லை. குருட்டு அதிர்ஷ்டம், தெரிந்தவர் தயவு, யாரோ செய்த பிழை என்று காரணம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. கூடவே ஒரு பயம்: ‘என்னைத் தப்பாக எடைபோட்டுவிட்டார்கள், ஒருநாள் தெரிந்துவிடும்.’ இந்த நம்பிக்கையும் பயமும் சேர்ந்ததுதான் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்ற பெயரால் குறிக்கப்படுகிறது.

இதைத் தாழ்வு மனப்பான்மையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். தாழ்வு மனப்பான்மை செய்வதற்கு முன்பே வந்து ‘உன்னால் முடியாது’ என்று தடுக்கும். இதுவோ செய்து முடித்த பிறகு வருகிறது. டைரிக்குள் பூட்டி வைத்த கவிதை இந்தப் பயத்தைத் தராது, அச்சில் வந்த கவிதைதான் தரும். பாராட்டு வந்தால் பயம் தீரும் என்று நினைப்போம். பல நேரம் கூடத்தான் செய்கிறது. ஏறிய உயரம் கூடினால் விழும் உயரமும் கூடும் அல்லவா?

இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர்கள் இரண்டு பெண்கள். பாலின் ரோஸ் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ். அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள். ஐந்தாண்டு காலம், 150க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களோடு பேசியும் பழகியும் கண்டதை 1978இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், தங்கள் துறையில் மதிப்புப் பெற்றவர்கள், படிப்பில் சிறந்த மாணவிகள் என்று பலரும் அதில் உண்டு. மேற்படிப்பில் சேர்ந்த மாணவிகள், சேர்க்கைக் குழு ஏதோ தவறு செய்ததால்தான் தங்களுக்கு இடம் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார்களாம். அதைப் படித்தபோது என் தோழியின் ‘பக்கம் நிரம்பலை போல’ என்ற வாக்கியம்தான் காதில் விழுந்தது. அட்லாண்டா எங்கே, இந்த அரிசி டிரம் எங்கே!

வேர் எங்கே என்றும் அவர்கள் தேடினார்கள். ஒரு வகைப் பெண்களின் வீட்டில் வேறொரு பிள்ளைக்கு ‘அறிவாளி’ என்ற பட்டம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இவளுக்கு மிஞ்சியது ‘இதமானவள், நாலு பேரோடு நன்றாகப் பழகுகிறவள்’ என்ற பட்டம். பிறகு எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் வீட்டுத் தீர்ப்பு மாறவில்லை. இன்னொரு வகை வீட்டிலோ, ‘என் பெண் எதையும் கஷ்டப்படாமல் செய்துவிடுவாள்’ என்று தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவள் முதன்முதலாக ஒன்றுக்காகக் கஷ்டப்பட்டு உழைக்க வேண்டி வந்தபோது, கஷ்டப்படுவதையே தன் தகுதிக்குறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டாள். ‘பையன் நல்லாப் படிப்பான், பொண்ணு சமத்து’ என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வருவதை நினைத்துப் பாருங்கள். சமத்து என்ற சொல் எவ்வளவு செல்லமாக வந்து ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போகிறது!

இப்போது சொல்லுக்கு வருவோம். கிளான்ஸும் ஐம்ஸும் தங்கள் கட்டுரையில் ‘சிண்ட்ரோம்’ என்று பெயரிடவில்லை. ‘இம்போஸ்டர் ஃபினாமினன்’ என்றுதான் வைத்தார்கள். ஃபினாமினன் என்றால் நிகழ்வு, இலங்கைத் தமிழில் தோற்றப்பாடு. சிண்ட்ரோம் என்பது பின்னால் மக்கள் புழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி பெயர் வைக்க வாய்ப்புக் கிடைத்தால் ‘இம்போஸ்டர் அனுபவம்’ என்றே வைப்பேன் என்று கிளான்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் மனநோய்க் கையேட்டில் இப்படி ஒரு நோயே கிடையாது. ஆகவே தோழி அப்படி மிரண்டிருக்க வேண்டியதில்லை.

சிண்ட்ரோம் கிரேக்கச் சொல். ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘ட்ரோமோஸ்’ என்றால் ஓட்டம். பல அறிகுறிகள் ஒன்றாக ஓடிவருவது. மருத்துவத் தமிழில் நோய்க்குறித்தொகுப்பு என்கிறோம். இம்போஸ்டர் லத்தீனிலிருந்து வந்தது. ‘இம்போனேரே’ என்றால் மேலே வைத்தல், சுமத்துதல். ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றி வைப்பது என்ற பொருள் மெல்ல நகர்ந்து, ஏமாற்றுதல் என்றாகி, ஏமாற்றுகிறவனுக்குப் பெயரானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. ‘சுமத்துதல்’ என்ற அந்தப் பழைய வேர்ப்பொருளில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

2021இல் ருசிகா துல்ஷ்யான், ஜோடி ஆன் ப்யூரி என்ற இருவர் எழுதிய கட்டுரை ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. பெண்களிடம் ‘உனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று சொல்வதை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். 1978 ஆய்வில் பேசப்பட்டவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளைப் பெண்கள். மற்றப் பெண்கள் பணியிடத்தில் நாள்தோறும் ‘நீ இங்கே சேர்ந்தவள் இல்லை’ என்ற குறிப்பைப் பெறுகிறார்கள். அந்தச் சூழலை விட்டுவிட்டு அவர்கள் மனத்தை மட்டும் பழுதுபார்க்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார்கள். எனக்கு இது முழுக்கச் சரியாகப் படுகிறது. சந்தேகம் அவளுக்குள் முளைத்ததா, அவள் மேல் சுமத்தப்பட்டதா?

தமிழில் எழுதும் பெண்ணிடம் இதைக் கேட்டால் விடை கையிலேயே இருக்கிறது. 1955 முதல் சாகித்திய அகாதெமி விருது தரப்படுகிறது. 2024 வரை தமிழுக்காக அதைப் பெற்ற பெண்கள் நான்கே பேர்: 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லட்சுமி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில் இருந்தபோது இரவில் குளியலறைக்குள் நின்றபடி ரகசியமாக எழுதியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சல்மா என்ற பெயரே வீட்டுக்குத் தெரியாமல் எழுத வைத்துக்கொண்ட புனைபெயர். குளியலறையில் ஒளிந்து எழுதிய ஒருத்தி, பிறகு மேடையில் தன் பெயர் ஒலிக்கும்போது ஒரு கணம் திகைத்தால், அந்தத் திகைப்புக்கு நோய் என்று பெயர் வைப்பது அநியாயம்.

வை. மு. கோதைநாயகி அம்மாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1901இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோதே கல்யாணம் ஆகிவிட்டது. முதல் படைப்பான நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதத் தெரியாத எழுத்தாளர்! இம்போஸ்டர் என்று தன்னை எண்ணிக்கொள்ள அவருக்கு இருந்த காரணம் வேறு யாருக்கு இருந்திருக்கும்? ஆனால் 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை விலைக்கு வாங்கி நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த அந்தப் பட்டம்மாளை நான் அடிக்கடி நினைப்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நேரடியாகப் பெயர்த்தால் ‘போலி நோய்க்குறி’, ‘ஏமாற்றாளர் நோய்க்குறி’ என்றெல்லாம் வரும். போலி நோய்க்குறி என்றால் நோயே போலி என்று பொருள்படுகிறது. ஏமாற்றாளர் நோய்க்குறி என்றால் ஏமாற்றுகிறவருக்கு வரும் நோய். இரண்டுமே பொருளைத் தலைகீழாக்குகின்றன. ஆள்மாறாட்டம் என்ற சொல்லைக் குற்றவியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. அவையச்சம் வேறு, அது மேடையில் கை நடுங்குவது.

என் தோழி சொன்ன ‘சாயம் வெளுத்துடும்’ நல்ல தமிழ். நீலச் சாயத் தொட்டியில் விழுந்து காட்டுக்கு ராஜாவான நரியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ‘சாயம் வெளுக்கும் அச்சம்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அந்த நரிக்குத் தான் நரி என்று தெரியும். தெரிந்தே காட்டை ஏமாற்றியது. கதை எழுதியவள் அப்படியா? அவள் நிறம் அவளுடைய சொந்த நிறம்.

‘கிறுக்கல்’ என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். எழுதும் பெண்கள் தங்கள் எழுத்துக்கு வைக்கும் பெயராக இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! ‘என் கிறுக்கல்களைப் பாருங்க’ என்று நோட்டை நீட்டுவார்கள். கிறுக்கு என்றால் பைத்தியம் என்றும் பொருள். அடுத்தவர் சொல்லுமுன் நாமே சொல்லிக்கொண்டால் வலிக்காது என்ற தற்காப்பு அது.

இது அடக்கம்தானே, நம் கவிஞர்களும் அவையடக்கம் பாடினார்களே என்று கேட்கலாம். பாடினார்கள். தொல்காப்பியம் செய்யுளியலில் அதற்கு இலக்கணமே உண்டு. கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டுப் போன பூனை மாதிரி நான் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்றார். பாட்டில் அவர் சொல்வது பூசை, அது பூனைக்குப் பழைய சொல். ஆனால் பாருங்கள், கம்பர் அந்தப் பயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. அவையின் முன்னால், நூலின் வாசலிலேயே, அழகான ஒரு பாட்டாகச் சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடப் போய்விட்டார். கேட்க ஓர் அவை இருந்தது, அதனால் அடக்கத்துக்கும் இடம் இருந்தது. அரிசி டிரம் மேல் இதழை ஒளித்து வைக்கிறவளுக்கு எந்த அவை?

அவையடக்கம் பாடாத பெண் குரலும் நம்மிடம் உண்டு. திருப்பாவையின் கடைசிப் பாட்டில் ஆண்டாள், ‘பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்’ என்கிறாள். சொன்னது நான், பெயர் கோதை, மொத்தம் முப்பது. இறைவனுக்கு என்று கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தவள் என்ற கதையும் அவளைச் சேர்ந்ததுதான்.

அந்த மாலையிலிருந்துதான் எனக்கு ‘இரவல்’ என்ற சொல் வந்தது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு அக்காவின் அட்டிகையை ஒரு கல்யாணத்துக்கு எனக்கு இரவல் வாங்கிப் போட்டுவிட்டார்கள். அன்று முழுக்கக் கை கழுத்தையே தொட்டுக்கொண்டிருந்தது. திருகாணி கழன்றுவிடுமோ, அத்தை பார்த்து ‘இது யாருதுடி’ என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. ஊர் திரும்பி, பஞ்சு வைத்த டப்பாவில் அதைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் மூச்சு வந்தது. தன் சம்பாத்தியத்தில் செய்த நகையையே ஒருத்தி அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? தோழியின் நிலை அதுதான்.

ஆகவே நான் வைக்கும் சொல் இரவலுணர்வு. தன்னுடையதையே இரவல் என்று உணர்வது. வேர் ‘இர’, அதாவது கேட்டுப் பெறு. இரவலர் சங்கப் பாடல்களில் உண்டு. குறளில் இரவச்சம் என்று ஓர் அதிகாரமே உண்டு. அது பிச்சை எடுக்க அஞ்சுவது, இதனோடு குழப்ப வேண்டாம். இந்தச் சொல்லில் நோயும் இல்லை, குற்றமும் இல்லை. திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரவல் என்றால் பிறர் எழுத்தை எடுத்தாண்டதாக ஆகாதா என்று ஒருவர் கேட்டார். இரவல் எழுத்து என்றால் ஆகும். ‘உணர்வு’ சேரும்போது அந்த ஐயம் நீங்கிவிடுகிறது. பாடநூலுக்கும் ஆய்வுக்கும் இன்னும் இறுக்கமான சொல் வேண்டுமென்றால் ‘தன்தகுதி ஐயம்’ என்று எழுதலாம். பேச்சில் இரவலுணர்வு இயல்பாக வருகிறது: ‘முதல் தொகுப்பு வந்ததும் எனக்குக் கொஞ்ச நாள் இரவலுணர்வு இருந்தது.’

போன ஞாயிற்றுக்கிழமை தோழியிடம் சொன்னேன். அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். “இரவலுணர்வு... சரி. யார்கிட்ட வாங்கின இரவல்?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளும் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது கதை இருந்த நோட்டை எடுத்துவரப் போனாள்.