மலையில் தீ மூளும் முன்: ஓய்வுபெற்ற படையினருக்கு ஒரு வேலை

ஜூலை பிறந்தால் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பக்கத்திலிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். மானாப் புல் மூடிய சரிவு எரிகிறது. பைனஸ் காட்டுக்குள் தீ ஏறிவிட்டது. இராணுவத்தினர் போயிருக்கிறார்கள், விமானப்படை ஹெலிகொப்டர் தண்ணீர் ஊற்றுகிறது. இரண்டு மூன்று நாளில் செய்தி ஓய்ந்துவிடும். அடுத்த வருடம் அதே மலை மறுபடி எரியும்.

நான் கொழும்பில் தீப் பாதுகாப்பு ஆலோசகராக வேலை செய்பவன். அலுவலகக் கட்டடங்கள், களஞ்சியங்கள், ஹோட்டல்களோடு, கொழும்பில் தலைமை அலுவலகமும் மலையில் தேயிலையும் வைத்திருக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளும் என்னிடம் வருகின்றன. அந்த அனுபவத்திலிருந்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீ பிடித்த பிறகு அணைக்கப் படையினரைக் கூப்பிடுகிறோம். தீ பிடிக்காமல் பார்க்கும் வேலைக்கு, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் படையினரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதை இன்னும் நாம் முறையாகச் செய்யவில்லை.

நம் நாட்டில் காட்டுத்தீ தானாக வருவது மிக அரிது. மாடு வளர்ப்பவர் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று காய்ந்த மானாவுக்கு நெருப்பு வைக்கிறார். வேட்டைக்குப் போகிறவர் பன்றியையும் முயலையும் வெளியே விரட்ட வைக்கிறார். சேனைக்காகச் சுட்ட நிலத்திலிருந்து பரவுகிறது. குப்பை எரித்த இடத்தில் காற்று மாறுகிறது. சுற்றுலா வந்தவர் சிகரெட்டை அணைக்காமல் போகிறார். தென்மேல் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்கும் மாதங்கள் இவை. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்வதும் இதே காற்றைத்தான். புல் ஏற்கெனவே சருகாகக் காய்ந்திருக்கும். அப்போது ஒரு தீக்குச்சி போதும்.

ஆகவே காட்டுத்தீத் தடுப்பில் பாதிக்கு மேல் மனிதரோடு பேசுகிற வேலை. மிச்சம் எரிபொருளைக் குறைக்கிற வேலை. எரிபொருள் என்றால் பெற்றோலை நினைக்க வேண்டாம். காய்ந்த புல், பைனஸ் ஊசியிலை, கொப்பு, சருகு எல்லாமே எரிபொருள்தான். பைனஸ் இலையில் பிசின் இருக்கிறது, லேசில் மக்காது, வருடக்கணக்கில் மெத்தை போலக் குவிந்து கிடக்கும். கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மானாவும் கினிப்புல்லும் ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்தப் புல் என்ன செய்யும் என்பதை 2023 ஓகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் காட்டியது. ஒரு காலத்தில் கரும்பு விளைந்த தோட்டங்கள் கைவிடப்பட்டு, கினிப்புல்லும் வேறு அந்நியப் புற்களும் மூடிக் கிடந்தன. பலத்த காற்றில் அங்கே பரவிய தீ ஊருக்குள் புகுந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். தோட்டத்தைக் கைவிட்டவர்கள் புல்லை யார் பார்ப்பது என்று யோசிக்கவில்லை. நம் கம்பனி அலுவலகங்களில் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் எழும்புவதில்லை.

வீடு எப்படி எரிகிறது என்பதிலும் ஒரு தவறான நினைப்பு உண்டு. பெரிய சுவாலை ஒன்று வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்க வனச் சேவையின் ஜாக் கோஹன் பல வருடம் ஆராய்ந்து காட்டியது வேறு. காற்றில் பறந்து வரும் கங்குகளும், வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 30 மீற்றருக்குள் கிடக்கும் பொருட்களும்தான் வீட்டின் விதியைத் தீர்மானிக்கின்றன. அதிலும் சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடி மிக முக்கியம். இப்போது ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மனதில் வையுங்கள். சுவரோடு சாய்த்து விறகு அடுக்கியிருக்கும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. பீலியில் சருகு. பின்பக்கம் காய்ந்த புல். ஒரு அறையில் பிடித்தால் வரிசை முழுவதும் போகும். விறகை 10 மீற்றர் தள்ளி வைப்பதற்கும், பீலியைத் துப்புரவு செய்வதற்கும், இடைவெளியைத் தகரத் துண்டால் அடைப்பதற்கும் பெரிய செலவில்லை. அதை வீடு வீடாகப் போய், மூன்று மாதம் தொடர்ந்து சொல்லி, செய்தும் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம்மிடம் இல்லை.

இனி ஓய்வுபெற்ற படையினர் விஷயத்துக்கு வருகிறேன். 22 வருடச் சேவை முடித்த சிப்பாய் ஓய்வூதியத்தோடு வெளியே வருகிறார். இருபது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். உடம்பில் வலு இருக்கிறது. அவருக்குக் கிடைக்கிற வேலை பெரும்பாலும் கொழும்பில் ஏதாவது கட்டடத்தின் வாசலில் செக்கியூரிட்டி. 2023 ஜனவரியில் அரசாங்கம், இராணுவத்தின் ஆளணியை 200,783 இலிருந்து 135,000 ஆகவும், 2030 இல் 100,000 ஆகவும் குறைப்பதாக அறிவித்தது. அப்படியானால் இன்னும் பல ஆயிரம் பேர் வெளியே வருவார்கள். 2024 இல் நம் முன்னாள் படையினர் ரஷ்ய, உக்ரேன் போர்முனைகளுக்குக் கூலிக்குப் போய்ச் சாவதைப் பத்திரிகைகளில் பார்த்தோம். நல்ல சம்பளம் என்று ஏமாற்றிக் கூட்டிப் போனவர்கள் இருந்தார்கள். ஊரில் மதிப்பான ஒரு வேலை இருந்திருந்தால் அதில் கொஞ்சப் பேராவது போயிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

கொழும்பில் நான் நடத்தும் தீ ஒத்திகைகளில் இவர்களை நெருங்கிப் பார்த்திருக்கிறேன். உயர்மாடிக் கட்டடம் ஒன்றில் ஒத்திகைக்கு முதல் நாள், வாசலில் நிற்கும் முன்னாள் கோப்ரல் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: "சேர், ஏழாம் மாடியில் சக்கர நாற்காலியில் வரும் மிஸ்ஸை யார் இறக்குவது?" அங்கே இருந்த முகாமையாளர்கள் யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் நிலத்தைப் புரிந்துகொள்வது, ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது, முதலுதவி, கருவிகளை எண்ணி வாங்கி எண்ணி வைப்பது, ஆள் கணக்கெடுப்பது, வெயிலில் மணிக்கணக்கில் நடப்பது என்று காட்டுத்தீத் தடுப்புக்கு வேண்டியதில் பாதி இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அமெரிக்காவில் இதை நன்றாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2010 இல் ஹெய்ட்டி பூகம்பத்தின்போது முன்னாள் மரீன் படையினர் தொடங்கிய டீம் ரூபிகன் அமைப்பு, இன்று மரவாள் குழுக்களை அனுப்பி வீடுகளைச் சுற்றியுள்ள புதரையும் காய்ந்த மரத்தையும் அகற்றிக் கொடுக்கிறது. முன்னாள் படையினருக்கென்றே தனிக் குழுக்கள் அமைத்து, பயிற்சியோடு சம்பளமும் கொடுத்து, வன நிலங்களில் எரிபொருள் குறைக்கும் வேலையில் இறக்கும் திட்டங்களும் அங்கே உண்டு. அந்த வேலையிலிருந்து பலர் நிரந்தர வனத் தொழிலுக்குப் போகிறார்கள்.

ஆனால் படையில் இருந்தவர் என்பதற்காக யாரும் அங்கே நேராகக் களத்துக்குப் போவதில்லை. அடிப்படைத் தீயணைப்புப் பாடம் படிக்க வேண்டும். தீக்களத்துக்குப் போவதானால் 45 இறாத்தல் சுமையோடு 3 மைலை 45 நிமிடத்துக்குள் நடந்து காட்ட வேண்டும். இது மிகச் சரி. ஏனென்றால் போர்ப் பயிற்சி சொல்லிக்கொடுத்த சில பழக்கங்கள் தீயின் முன்னால் ஆளைக் கொன்றுவிடும். சிப்பாய்க்கு உயரமான இடம்தான் பாதுகாப்பு. மேட்டைப் பிடி என்பது இரத்தத்தில் ஊறியிருக்கும். தீயோ மேல்நோக்கித்தான் ஓடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் கைக்கணக்கு. எரியும் சரிவுக்கு மேலே நிற்பவர் மிக ஆபத்தான இடத்தில் நிற்கிறார். அதேபோல், பின்வாங்குவது தோல்வி என்ற எண்ணமும் மாற வேண்டும். 1991 இல் போல் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பு வீரர் வகுத்த முறை இன்றும் பாடம்: கண்காணிக்க ஒருவர், பேச ரேடியோ, தப்பிக்க வழி, ஒதுங்கப் பாதுகாப்பான இடம். இந்த நாலும் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்கவே கூடாது. முன்னாள் படையினருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம், அவர்கள் மொழி அது. பழைய பழக்கத்தைக் கழற்றுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

சரி, தமிழ் வாசகர் மனதில் இதற்குள் ஒரு கேள்வி வந்திருக்கும். வரவேண்டும். சீருடை நமக்குச் சாதாரணத் துணி இல்லை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதை இந்த ஊரில் இருந்த யாரும் மறக்கவில்லை. மலையகத் தோட்டங்களிலும் சுற்றிவளைப்புகளின் ஞாபகம் உண்டு. லயத்து வாசலில் முன்னாள் சிப்பாய் ஒருவர் வந்து நின்று, சிங்களத்தில், விறகை நகர்த்து என்றால் அந்த வீட்டு அம்மா நகர்த்துவார். பயத்தில். அவர் போனதும் பழைய இடத்துக்கே விறகு வரும். அது தடுப்பு வேலை இல்லை.

அதனால் நான் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன். சீருடை, பதவிப் பெயர், படை முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. பொறுப்பு பிரதேச செயலகத்தின் கீழோ தோட்ட நிர்வாகத்தின் கீழோ இருக்க வேண்டும், எந்தப் படை முகாமின் கீழும் இல்லை. முன்னாள் படையினர் ஒருவருக்கு அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் என்று சோடியாகப் போக வேண்டும். அந்தத் தோட்டத்து ஆளுக்கும் அதே சம்பளம். வீட்டு வாசலில் பேசுவது அவர், அதுவும் தமிழில். யார் தீ வைத்தார்கள் என்று விசாரிக்கும் வேலை இந்தக் குழுவுக்குக் கிடையவே கிடையாது. வனத்துக்குத் தீ வைப்பது சட்டப்படி குற்றம், அதைப் பார்க்க வனத் திணைக்களமும் பொலிஸும் இருக்கின்றன. தடுப்புக் குழு உளவு பார்க்கத் தொடங்கினால் மாட்டுக்காரர் அதன் பிறகு வாயே திறக்க மாட்டார். எந்தச் சரிவுக்கு எப்போது நெருப்பு வைக்கிறார்கள் என்று அவர் சொன்னால்தான், பருவத்துக்கு முன்னாலேயே புல்லை வெட்டிக் கொடுக்க முடியும். வடக்கு, கிழக்குக்கு இந்தத் திட்டத்தை இப்படியே எடுத்துப் போகச் சொல்ல மாட்டேன். அங்கே ஊர்க்காரர் கேட்டால் மட்டும்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை. டாஷ் போன்ற உள்நாட்டு அமைப்புகளில் ஓய்வுபெற்ற படையினரும் அந்த மண்ணின் தமிழ் ஆண்களும் பெண்களும் ஒரே நிலத்தில், ஒரே விதிமுறையின் கீழ் வேலை செய்திருக்கிறார்கள். போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற குடும்பங்கள். அந்த வேலையில் விதிமுறை எல்லோருக்கும் ஒன்று, தவறினால் ஆபத்தும் எல்லோருக்கும் ஒன்று. தீத்தடுப்பையும் அப்படி நடத்தலாம்.

காயப்பட்டவர்களை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். மிதிவெடியில் கால் போனவர் சரிவில் புல் வெட்ட முடியாது. ஆனால் கண்காணிப்பு இடத்தில் தொலைநோக்கியோடு உட்கார, வரைபடம் புதுப்பிக்க, தகவல் மையத்தில் ரேடியோவும் தொலைபேசியும் கையாள அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா? புகை வாசனையும் திடீர்ச் சத்தமும் பழைய நாட்களுக்கு இழுத்துப் போகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தீக்களத்துக்கு அனுப்பக் கூடாது. ஆட்சேர்ப்பின்போது இதைக் கௌரவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள மனநல ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும்.

பணம் யார் கொடுப்பது? பெருந்தோட்டக் கம்பனி, எல்ல பக்கத்து ஹோட்டல்கள், காப்புறுதிக் கம்பனி ஆகிய மூவரும் பங்கு போடலாம். எரிந்த சரிவு ஒக்டோபர், நவம்பர் மழையில் மண்ணை இழக்கும், ஊற்று வற்றும், ரோட்டில் சேறு வழியும். அந்த நட்டம் இவர்கள் தலையில்தான் விழுகிறது. சம்பளத்தோடு சரியான சப்பாத்து, கையுறை, கண்ணாடி, விபத்துக் காப்புறுதி, தண்ணீர். ஓய்வூதியம் வருகிறதே, அரைச் சம்பளம் போதாதா என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். ஓய்வூதியம், ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு. இது வேறு வேலை.

எங்கே தொடங்குவது என்றால், பதுளை மாவட்டத்தில் பைனஸ் காட்டையோ மானாச் சரிவையோ ஒட்டி லயங்கள் உள்ள ஒரு தோட்டம் போதும். மார்ச்சில் ஆள் எடுத்து, ஏப்ரலில் வனத் திணைக்களத்தாரையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தாரையும் வைத்துப் பயிற்சி கொடுத்தால், மே முழுவதும் தீத்தடுப்புப் பட்டி (தீ தாண்டாதபடி புல்லும் சருகும் அகற்றிய வெற்று நிலக் கீற்று) வெட்டவும் லயம் லயமாகப் போகவும் நேரம் இருக்கும். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை ரோந்து. புகை கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பது எப்படி, எந்த இடம் என்று சொல்வது எப்படி என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கொழும்பில் உள்ள தோட்டக் கம்பனிகளின் முகாமையாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி எழுதுங்கள். பயிற்சிப் பாடத்தைத் தயாரித்துத் தர நான் கட்டணம் கேட்க மாட்டேன்.