பார்ரா கலங்கரை விளக்கம்: சிதறும் ஒளி கற்றையாகும் விதம்

பிரேசிலின் சால்வடோர் நகரில், விரிகுடா அட்லாண்டிக் பெருங்கடலோடு கலக்கும் முனையில், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பூண்ட 22 மீட்டர் கோபுரம் ஒன்று பழைய கோட்டையின் மேல் எழுந்து நிற்கிறது. 1668-இல் சாக்ரமெந்தோ என்னும் போர்த்துகீசியக் கப்பல் இந்த நுழைவாயிலுக்கு வெளியே உள்ள மணல்திட்டில் மோதி மூழ்கியதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1698-இல், கோட்டையில் திமிங்கில எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. இன்றுள்ள கோபுரம் 1839-இல் எழுந்தது.

எண்ணெய்ச் சுடரின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுவதால், அதில் பெரும்பங்கு வானத்துக்கும் தரைக்குமே போய்விடும். கடலை நோக்கிச் செல்வது சொற்பமே. ஒரு பெரிய குவிலென்ஸை முன்னால் வைத்தால் ஒளியைத் திரட்டலாம். ஆனால் அத்தனை பெரிய கண்ணாடி மிகவும் கனக்கும்; அதன் தடிமனே ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

இதற்கு விடை கண்டவர் பிரெஞ்சு இயற்பியலாளர் அகுஸ்தீன் ஃபிரெனல். கதிர் திசைமாறுவது கண்ணாடியின் பரப்பில்தான், உட்பகுதியில் அது நேராகவே செல்கிறது என்பதால், வளைந்த பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள கண்ணாடியை நீக்கிவிடலாம் என்று அவர் கண்டார். அருகில் நின்று பார்த்தால் இந்த லென்ஸ், நடுவட்டத்தைச் சுற்றிப் படிப்படியாக அடுக்கிய கண்ணாடி வளையங்களாகத் தெரியும். உள்வளையங்கள் கதிரை விலக்கித் திருப்புகின்றன. மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள வளையங்கள் பட்டகங்கள், அதாவது முக்கோண வெட்டுமுகம் கொண்ட கண்ணாடிகள்; அவற்றுக்குள் கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து, அதாவது கண்ணாடியின் உள்முகத்தில் பட்டு முழுவதுமாகத் திரும்பி, வெளியேறுகிறது. வானத்துக்குப் போகவிருந்த ஒளியும் இப்படிக் கடல்மட்டத்துக்கு இணையாகத் திரும்பிவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பார்ரா விளக்கு வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறி மின்னுகிறது. இத்தகைய விளக்குகளில் சுடர் அணைந்து எரிவதில்லை. சுழலும் லென்ஸின் கற்றை கண்ணைக் கடக்கும் கணமே மின்னலாகத் தெரிகிறது. நிறத்தையும் இடைவெளியையும் கொண்டு, தாம் காண்பது எந்த விளக்கு என்பதை மாலுமிகள் அறிகிறார்கள். சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களை உறிஞ்சிவிடுவதால் சிவப்பொளி எட்டும் தொலைவு குறைவு.

ஒளி எவ்வளவு வலுவாக இருந்தாலும் பூமியின் வளைவு ஓர் எல்லை இடுகிறது. கடலிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு, நீர்மட்டத்தில் இருப்பவருக்குச் சுமார் 23 கிலோமீட்டர் வரைதான் நேரடியாகத் தெரியும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் அதை இன்னும் தொலைவிலிருந்தே கண்டுவிடுவார்.