ரோம் மாற்றியபின் சார்ஜ் நிற்கவில்லையா? போன் தூங்குகிறதா என்று பாருங்கள்

"அண்ணா, பேட்டரி மாத்திக் குடுங்க. ரோம் போட்டதுல இருந்து சார்ஜே நிக்க மாட்டேங்குது."

போன மாதம் என் போன் பழுதுபார்க்கும் கடைக்கு வந்த கல்லூரித் தம்பி ஒருவர் சொன்னது இது. ஐந்து வருடப் பழைய போன். கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டதால் கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி தராமல் வெளியாட்கள் தயாரித்த ஆண்ட்ராய்டு மென்பொருள், போட்டிருக்கிறார். இரண்டு வாரத்தில் மூன்று ரோம் மாற்றியும் பலனில்லை. இரவு 100 சதவீதத்தோடு படுத்தால் காலையில் 78. பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் அரை மணி நேர வேலை, காசும் கிடைக்கும். ஆனால் மறுநாள் காலையிலும் ஏறக்குறைய அதே 78 தான் இருந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அது 5000 எம்ஏஎச் பேட்டரி. எட்டு மணி நேரத்தில் 22 சதவீதம் போனால் 1100 எம்ஏஎச் போயிருக்கிறது. அதாவது யாரும் தொடாமல் கிடந்த போன் சராசரியாக 137 மில்லிஆம்பியர் இழுத்திருக்கிறது. நன்றாகத் தூங்கும் போன் பத்து, இருபது மில்லிஆம்பியரில் அடங்கிவிடும். ஒரு ராத்திரிக்கு இரண்டு, மூன்று சதவீதம்தான் குறையும். ஆக, இந்தப் போன் இரவு முழுக்க விழித்திருக்கிறது. விழிக்க வைப்பது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

திரை அணைந்ததும் போன் தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். திரை வேறு, பிராசஸர் வேறு. பிராசஸரும் ஓய்வுக்குப் போனால்தான் அது டீப் ஸ்லீப். 'எனக்கு வேலை முடியவில்லை, தூங்காதே' என்று ஓர் ஆப்போ டிரைவரோ (போனின் ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) பிடித்து வைப்பதற்குப் பெயர் வேக்லாக். ஆப் பிடித்து வைத்தால் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். மோடம் (சிம் சிக்னலைக் கையாளும் பாகம்), வைஃபை போன்றவற்றின் டிரைவர் பிடித்து வைத்தால் அங்கே எந்த ஆப்பின் பெயரும் வராது. ஆனால் சதவீதம் மட்டும் இறங்கும். ரோம் மாற்றிய போன்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகைதான்.

இதைப் பிரித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு மூன்று ராத்திரி போதும். முதல் ராத்திரி ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபை, புளூடூத் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். படுக்கும்போதும் எழும்போதும் சதவீதத்தை எழுதி வையுங்கள். அடுத்த ராத்திரி சிம் மட்டும். அதற்கடுத்த ராத்திரி வைஃபை மட்டும். அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லித்தான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். ஏர்பிளேன் மோடில் 100, காலையில் 98. வைஃபையில் 97. சிம் போட்டால் 79.

பேட்டரி மேல் குற்றமில்லை என்று அந்தச் சீட்டே சொல்லிவிட்டது. சிம் விஷயத்தைத் தோண்டினோம். அவருடைய சிம் 2ஜி, 3ஜி இல்லாத நெட்வொர்க்கைச் சேர்ந்தது. அதில் பேச வேண்டுமென்றால் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) பதிவாகியே ஆக வேண்டும். வோல்ட்இ அடையாளம் திரையில் வருவதும் போவதுமாக இருந்தது. அழைப்புகளும் சில நேரம் விழவில்லை என்றார். காரணம், புது ரோமுக்குக் கீழே மோடம் ஃபர்ம்வேர், அதாவது மோடத்தை இயக்கும் உள் மென்பொருள், பழையதாகவே கிடந்தது. ரோமை ஃபிளாஷ் செய்யும்போது (போனில் ஏற்றும்போது) மோடம் ஃபர்ம்வேரும் சேர்ந்து மாறும் என்பது எல்லாப் போனிலும் நடப்பதில்லை. லீனியேஜ் ஓஎஸ் போன்ற ரோம்களின் வழிமுறைப் பக்கத்தில், குறிப்பிட்ட ஃபர்ம்வேர் பதிப்பு முதலில் இருக்க வேண்டும் என்று பல மாடல்களுக்கு எழுதியே இருப்பார்கள். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போவதால்தான் இத்தனை அவஸ்தை. மூன்று ரோமும் அதே பழைய மோடத்தின் மேல்தான் உட்கார்ந்தன, பிறகு எப்படிச் சரியாகும்? சொன்ன பதிப்பைப் போட்டபிறகு சிம்மோடு காலையில் 96 காட்டியது.

வேறு காரணங்களும் உண்டு. ரோம் போட்ட முதல் இரண்டு நாள் சார்ஜ் வேகமாக இறங்குவது இயல்பு. ஆப்கள் திரும்ப இறங்கும், பின்னணியில் மறுபடி தயாராகும், படங்கள் வரிசைப்படும். அந்த இரண்டு நாளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கூகுள் ஆப் தொகுப்பை ரோமோடு சேர்த்து, புது ரோமில் போன் முதல் முறை ஆன் ஆவதற்கு முன்பே போட வேண்டும். ஆன் செய்து பார்த்துவிட்டு அப்புறம் போட்டால், கூகுள் ஆப்களுக்குப் பின்னணியில் வேலை செய்யும் பிளே சர்வீசஸ் அனுமதி கிடைக்காமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும். டேட்டாவை அழிக்காமல் ஒரு ரோம் மேல் வேறொரு ரோம் போடுவதும் இதே போன்ற தொல்லைதான். தம்பியின் முதல் இரண்டு ரோமும் அப்படித்தான் போடப்பட்டிருந்தன.

கூகுள் சேவையே வேண்டாம் என்று ரோம் போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளே சர்வீசஸ் இருந்தால் பல ஆப்களின் செய்தி அறிவிப்புகள் ஒரே இணைப்பில் வரும். அது இல்லாவிட்டால், செய்தி தவறக்கூடாது என்று சில ஆப்கள் தனித்தனி இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். அப்படி நாலைந்து ஆப் சேர்ந்தால் போன் தூங்குவது எப்படி?

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால், ரூட் செய்த (முழு நிர்வாக அனுமதி திறந்த) போனில் பெட்டர் பேட்டரி ஸ்டாட்ஸ் ஆப் போடுங்கள். எவ்வளவு நேரம் டீப் ஸ்லீப், எவ்வளவு நேரம் விழிப்பு, எந்த வேக்லாக் எத்தனை நிமிடம் என்று பிரித்துக் காட்டும். ரூட் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் இணைத்து ஏடிபி (கம்ப்யூட்டரில் இருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாகப் பேட்டரி அறிக்கை எடுக்கலாம். அந்த அறிக்கையை ரோமைப் பராமரிப்பவருக்கு அனுப்பினால் அவரும் காரணத்தைத் தேட முடியும். 'சார்ஜ் நிக்கல' என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பேட்டரி கேலிப்ரேஷன் (சதவீத அளவைச் சரிசெய்வது) என்று சொல்லி பேட்டரிஸ்டாட்ஸ் கோப்பை அழிக்கும் வழக்கம் இன்றும் போகவில்லை. எந்த ஆப் எவ்வளவு செலவழித்தது என்று காட்டும் கணக்குத்தான் அந்தக் கோப்பில் இருக்கிறது, அதை அழிப்பதால் சார்ஜ் அதிக நேரம் நிற்காது என்று ஆண்ட்ராய்டு குழுவின் கூகுள் பொறியாளர் டயான் ஹேக்போர்ன் முன்பே விளக்கியிருக்கிறார். கேலிப்ரேஷனுக்காக அடிக்கடி பூஜ்யம் வரை இறக்கினால் லித்தியம் பேட்டரிக்குக் கெடுதல்தான். ஆப்களை மூடிக்கொண்டே இருக்கும் டாஸ்க் கில்லரும் வேண்டாம். மூடிய ஆப் மறுபடி எழ அதிகச் சார்ஜ் செலவாகும். 2015இல் ஆண்ட்ராய்டு 6இலேயே டோஸ், அதாவது சும்மா கிடக்கும் போனில் ஆப்களின் பின்னணி வேலையைத் தானே அடக்கும் வசதி, வந்துவிட்டது. அது தன் வேலையைச் செய்ய விட்டாலே போதும்.

சரி, உண்மையிலேயே பேட்டரி போயிருந்தால்? ஏர்பிளேன் மோடிலும் சதவீதம் வேகமாக விழும். 30இல் இருந்து திடீரென 5க்குக் குதிக்கும், அல்லது 15இல் அணைந்துவிடும். பின்மூடி தூக்கிக்கொண்டு இருந்தாலோ, ஓரத்தில் திரை பிரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் போனைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். அணைத்து அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபர்ம்வேர் மாற்றும்போது கடைசி எழுத்து வரை மாடல் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். சில போன்களில் பழைய பதிப்புக்கு இறங்க விடாத பூட்டு உண்டு. மீறினால் போன் ஆன் ஆகவே ஆகாது. கஸ்டம் ரோம் இருக்கும்போது பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடி ரோமைத் தொடங்கும் மென்பொருள்) திரும்பப் பூட்டினாலும் பல போன்களில் அதே கதிதான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) விவரம் இருக்கும் பகுதியை, ரோம் போடப் பயன்படும் ரிக்கவரித் திரையில் பேக்கப் எடுத்து, ஒரு நகலைக் கம்ப்யூட்டரில் வையுங்கள். போனுக்குள்ளேயே விட்டுவிட்டு ஃபார்மேட் செய்தால் பேக்கப்பும் சேர்ந்தே போய்விடும்.