குப்பை, கான், புகை: பிரதேச சபையிடம் கேட்கப் போகுமுன் அறிய வேண்டியவை

இலங்கையின் ஏ9 வீதியோரச் சிறுநகரொன்றில், வாசலில் இருந்த கான் (வடிகால்) அடைபட்டு முற்றத்துக்குள் கறுத்த நீர் ஏறிய ஒரு தாய், ஒரே கடிதத்துடன் நான்கு அலுவலகங்களின் படி ஏறியதை அருகிலிருந்து பார்த்தேன். பிரதேச சபையில் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கான் என்றார்கள். அங்கே போனால், குப்பை சபையின் பொறுப்பு என்றார்கள். நீர் குளத்தில் விழுவதால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கோ, அது கமநல சேவை நிலையத்துக்கு உரிய குளம் என்று பதில் வந்தது. கடிதம் மடிப்பில் கிழியும் வரை அலைந்தும், அதில் திகதி முத்திரை இட ஒருவரும் முன்வரவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவு, வீதிகளைக் கூட்டித் துப்புரவாக்குவதையும் வீட்டுக் குப்பையை உரிய காலத்தில் அகற்றுவதையும் சபையின் கடமையாக விதிக்கிறது. அள்ளிய குப்பை சபையின் சொத்தாகிறது. ஆகவே உழவு இயந்திரப் பெட்டி அதைக் காட்டோரத்திலோ குளக்கட்டிலோ கொட்டினால், அதற்கும் சபையே பதில் சொல்ல வேண்டும். வவுனியா நகரத்தவருக்கு இதே கடமை மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் உள்ளது.

அந்தப் பிரிவில் 'நியாயமாக இயன்றளவு' என்றொரு சொற்றொடர் உண்டு. ஆளில்லை, டீசல் இல்லை என்ற பதில்கள் எல்லாம் அதற்குள்தான் ஒளிந்துகொள்கின்றன. சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) நிலுவை இருந்தால் குப்பை எடுக்க மாட்டோம் என்றும், குடியேற்றத் திட்டங்களில் சோலைவரியே அறவிடப்படாததால் சேவையும் இல்லை என்றும் சொல்வதை நம்பித் திரும்பி வராதீர்கள். வரி கட்டியவருக்கு மட்டுமே இக்கடமை என்று 93ஆம் பிரிவில் எங்கும் இல்லை. நிலுவையை அறவிடச் சபைக்குத் தனி வழி உண்டு. வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம்.

கான் விடயத்தில் முறைப்பாட்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். உடைந்த கட்டையும் தூர்ந்த மதகையும் பற்றி வீதிக்கு உரியவருக்கு ஒரு கடிதம், அதில் தேங்கிய குப்பையைப் பற்றிச் சபைச் செயலாளருக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், ஒருவரை மற்றவர் காட்டித் தப்ப நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும். 'எங்களுடையது அல்ல' என்றால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பிரதியொன்றை மாவட்ட உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அனுப்புங்கள். சபை உறுப்பினரிடம் வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

அயலில் ஆலையோ மரக்காலையோ புகையும் தூசும் தந்தால், அதன் உரிமையாளரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று உங்களை அனுப்பிவிடுவார்கள். எந்த அனுமதிப்பத்திரம் என்று கேளுங்கள். வியாபார அனுமதி வேறு, மாசு தரும் தொழிலை நடத்தப் பெற வேண்டிய சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு. குறைந்த அளவில் மாசு தரும் சிறு தொழில்களுக்கு இவ்வுரிமத்தை வழங்குவதும் உள்ளூராட்சி சபைதான் என்பதைப் பலர் அறியாமல் ஊர் ஊராக அலைகிறார்கள். சபையின் கொட்டுமிடமே எரிந்து புகைந்தால் சபையிடம் முறையிட்டுப் பயனில்லை. பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் நேரே எழுதுங்கள்.

பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். காரணம் கூறத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமை. பெற்றுக்கொண்டதற்கான சான்று இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். ஏன் குப்பை எடுப்பதில்லை என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். எங்கள் ஒழுங்கைக்கு உழவு இயந்திரம் எந்தெந்தத் திகதிகளில் வந்தது, அதற்கான ஓட்டப் பதிவின் பிரதி எங்கே என்று கேளுங்கள்.

கான் துப்புரவுக்கான கடிதத்தை ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்த பின் போனால், தண்ணீர் வற்றட்டும் என்று தை மாதம் வரை தள்ளிவிடுவார்கள்.