படம் எடுக்கச் சம்மதித்தவர் விளம்பரத்துக்கும் சம்மதித்தவரா?

அழகு நிலையம் ஒன்றின் பிளக்ஸ் பலகையில் தமது திருமணப் படம் ஓராண்டுக்கும் மேலாக இருந்துவருவதை உறவினர் ஒருவர் சொல்லித்தான் அறிந்துகொண்ட ஒரு பெண், சில காலத்துக்கு முன் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். படத்தை எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் கேட்டபோது, "நான் எடுத்த படம், நான்தான் கொடுத்தேன்" என்று தயங்காமல் சொன்னார்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. (அந்த மாறான ஒப்பந்தம் பெரும்பாலும் பில்லின் பின்புறத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.) இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு: பணம் கொடுத்தவர் பெண்ணின் தகப்பனார் என்றால் பதிப்புரிமை அவருக்கே போகும், படத்தில் இருக்கும் பெண்ணுக்கு உள்ளது அந்தரங்க உரிமை. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவருடைய இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவதாகும் என்று, நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இலேயே கூறிவிட்டது. பிரபலங்களுக்கு இத்துடன் ஆளுமை உரிமையும், அதாவது தம் பெயரையும் உருவத்தையும் பாணியையும் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உரிமையும், சேர்கிறது. நடிகர் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடை விதித்தது.

எழுத்தில் இல்லாத சம்மதம் செல்லாது என்று சட்டம் சொல்வதில்லை. அதை நிரூபிப்பதுதான் கடினம். ஆகவே எந்தப் படம், எந்த நோக்கத்துக்கு, எந்த ஊடகத்தில், எவ்வளவு காலம் என்பதோடு, பிறருக்குக் கைமாற்றலாமா, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முகத்தையோ குரலையோ மாற்றலாமா என்பதையும் ஒப்புதல் படிவம் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அனைத்துப் பயன்பாட்டுக்கும் சம்மதம்" என்ற ஒற்றை வரியை நம்பிப் பெரிய விளம்பரத்தில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், பள்ளி ஆண்டு விழாப் படத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் போட விரும்பும் நிர்வாகம் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். குற்றத்துக்கு ஆளான குழந்தையின் படம் என்றால் பெற்றோர் கையெழுத்தும் போதாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவை மீறி அதை வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

தம் படத்தை இவ்வாறு எங்கேனும் காண்பவர், சண்டைக்குப் போகும் முன், பலகை முழுவதும் தெரியும்படி இடமும் தேதியும் விளங்கப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் வந்த பெண்ணின் தம்பி ஆத்திரத்தில் பிளக்ஸைக் கிழித்தெறிந்துவிட்டதால், உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மங்கலான படம் ஒன்றை மட்டுமே வைத்து நாங்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று.